இருநூறு வருஷத்துச் சுவர்

எங்கள் வீடு அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய வீடு. ஆணி அடிக்க அனுமதி வேண்டும், இருமுவதற்கு மனு போட வேண்டும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்கும் சுவரை எடுத்தால்தான் தவழும் பிள்ளையைப் பார்த்தபடி சமைக்க முடியும் என்று மருமகள் மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்றும் தள்ளுபடி. நான்காவதும் போனால் வாடகை வீட்டுக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டாள். பேரன் இல்லாத வீட்டில் நான் யாரை வம்புக்கு இழுப்பது?

பட்டியல் அதிகாரி வந்து சுவரைத் தடவினார். கல்யாணத்தன்று நான்கூட என் மனைவியின் கையை அப்படிப் பிடித்ததில்லை.

"இருநூறு வருஷத்துச் செங்கல்மா. இதுல கை வெச்சா ஜெயில்தான்."

"பிள்ளை அடுப்புல கை வெச்சா உங்க செங்கல் வந்து தூக்குமா சார்?"

"வசதி வேணும்னா அபார்ட்மென்ட் பாருங்க."

அவள் பல்லைக் கடித்தது தெருமுனைவரை கேட்டிருக்கும். நான் தொண்டையைச் செருமினேன்.

"அது நான் கட்டினது சார். முப்பது வருஷத்துக்கு முன்னாடி என் மாமியார் வந்து தங்கினாங்க. அவங்க முகத்தைப் பார்க்காம சாப்பிடணும்னு கட்டினேன். செங்கல் மட்டும் பழசு, கொல்லையில இடிஞ்ச கிணத்தோடது. சுரண்டிப் பாருங்க, உள்ள சிமென்ட்."

சுரண்டினார். சிமென்ட் உதிர்ந்தது. அவர் முகம் மிளகாயாய்ச் சிவந்தது.

"அனுமதியில்லாம கட்டியிருக்கீங்க. ஒரு மாசத்துல இடிச்சாகணும். எழுதியே தர்றேன்."

அவர் போனதும் மருமகள் திரும்பினாள். "இத்தனை நாள் ஏன் மாமா வாயைத் திறக்கலை?" அந்தக் குரலில் பால் திரிந்திருக்கும்.

"உங்கப்பா மாசாமாசம் வர்றாரேம்மா."

அவள் கடப்பாரையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.