கூரையில் சிவந்த கை

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் கார் கழுவும் கடை வைத்திருந்த ரூபினிக்குத் தெரிந்த துணிக் கூரையெல்லாம் லாரித் தார்ப்பாய்தான். அதை அடித்துத் தேய்த்தே அவளுக்குப் பழக்கம். அதனால், இலங்கைப் பெரியவர் தேவானந்தன் கூரை மடங்குகிற காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவளுக்கு உள்ளூர உதறல். கடை திறந்து மூன்றே மாதம். இந்தக் கூரையைக் கெடுத்தால் பெயரும் கெட்டுப்போகும், அப்புறம் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

“மழையில ஒழுகுது பிள்ளை. மனுசி தவறினாப் பிறகு பத்து மாசமா உறை போட்டு மூடியே வச்சிட்டன். நல்லாக் கழுவி, தண்ணி இறங்காத மாதிரி மருந்தடிச்சுத் தாங்கோ. கவனம்” என்றார் அவர்.

“கவலைப்படாதீங்க அங்கிள். புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்” என்று வாய் சொல்லிவிட்டது. வாய்க்கென்ன, அது எப்போதும் முந்திக்கொள்ளும்.

அவர் போனதும் கூரையின் தூசியை உறிஞ்சி எடுத்தாள். வெளிர் கிரீம் நிறத் துணி, அங்கங்கே பூஞ்சை. மென்மையான ஷாம்புதான் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தேய்த்துத் தேய்த்தும் பூஞ்சை போகாத ஆத்திரத்தில் தார்ப்பாய்ச் சோப்பில் ஒரு மூடி கலந்துவிட்டாள். புத்தி கெட்ட வேலை.

நுரைக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. தண்ணீரை அடித்தாள். ஒரு கை! ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, ஐந்து விரலும் விரிந்து, ரத்தச் சிவப்பில் ஒரு சின்னக் கை. ரூபினி தன் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை. பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது.

“அக்கா! மலரக்கா! ஓடி வாங்க!”

பக்கத்தில் ஒட்டுக்கடை போட்டுச் சாப்பாடு விற்கும் மலர் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினாள். “அலமாக்! யார இடிச்சுட்டு வந்துருக்கு இந்தக் காரு?”

“சோப்பு போட்டேன்க்கா, அவ்வளவுதான். முன்னாடி ஒண்ணுமே இல்ல. சாமி சத்தியமா ஒண்ணுமே இல்ல!”

மலர் குனிந்து முகர்ந்தாள். விரலால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “மஞ்சள் லா! ஆலாத்தித் தண்ணில சுண்ணாம்பு போட்டா சிவக்காது? ஒன் சோப்பு அந்த வேலையப் பாத்துருக்கு. பழைய கறை, கண்ணுக்குத் தெரியாம உள்ள கெடந்துருக்கும். எலுமிச்சம்பழம் புழி, எறங்கிடும்.”

போன உயிர் திரும்பி வந்தது. கடை வழக்கப்படி கழுவுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று படம் எடுப்பவள், அந்தக் கையையும் நெருக்கத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு மஞ்சளானது. ஷாம்பு போட்டு அலசினாள், வெயிலில் காய வைத்தாள், மறுநாளும் அதையே செய்தாள். மூன்றாம் நாள் பொட்டுக் கறை இல்லை. கண்ணாடிக்கும் பெயிண்டுக்கும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மருந்தை இரண்டு தடவை அடித்துக் காயவிட்டாள்.

தேவானந்தன் வந்து தம் கையாலேயே ஒரு கோப்பைத் தண்ணீரைக் கூரையில் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. “கெட்டிக்காரி” என்றார்.

ரூபினிக்குத் தலைகால் புரியவில்லை. “எப்படி இருந்துச்சுன்னு பாருங்க அங்கிள், பயந்தே போயிட்டேன்” என்று கைப்பேசியை நீட்டினாள்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“இது அவவின்ர கை.”

“யாரு அங்கிள்?”

“என்ர மனுசி. கார் வந்த அண்டு பூசை வச்சு, மஞ்சள் கையை இதில பதிச்சா. புதுக் கூரையைப் பழுதாக்கிப்போட்டாய் எண்டு ரோட்டில வச்சே ஏசிப்போட்டன். உடனே நானே உரஞ்சிக் கழுவினன். அதுக்குப் பிறகு அவ இந்தக் காரில ஏறவே இல்லை பிள்ளை. கடைசி வரைக்கும் ஏறவே இல்லை.”

பொட்டுக் கறை விடாத தன் திறமையே ரூபினிக்குக் கசந்தது. “எனக்குத் தெரியாது அங்கிள்...” என்றாள்.

“எங்க இருந்தது?”

“இங்கதான்” என்று விரல் வைத்தாள். சற்றுத் தள்ளி வைத்தாள். மறுபடியும் பழைய இடத்துக்கே வந்தாள். ஒரு நூலுக்கும் இன்னொரு நூலுக்கும் வித்தியாசம் இல்லை.

அவர் தம் உள்ளங்கையைக் கூரையில் விரித்து வைத்தார். “இதிலயோ? இன்னும் கொஞ்சம் அங்காலயோ, பிள்ளை?”

ரூபினி படத்தை மறுபடி பார்த்தாள்; நெருக்கத்தில் எடுத்ததில் கையைத் தவிர வேறெதுவும் இல்லை.