காதுக்குள் பனி

சிக்ரிட்டுக்கு நான்கு வயது நிறைந்ததும் செவிச் சோதனைக்கு அழைப்பு வந்தது. அதைச் சம்பிரதாயமான ஒன்றாகவே கருதி, ஒரு மார்ச் மாதக் காலையில் ஈல்வா மகளை அழைத்துப் போனாள். செவிலி குன்வோர் குழந்தையின் தலையில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டி, மடியில் ஒரு வாளி மரக்கட்டைகளை வைத்தாள்.

"குருவி கத்துற மாதிரி சத்தம் வரும். வந்ததும் ஒரு கட்டையப் பெட்டிக்குள்ள போடணும். சரியா, மகாராணி?"

சிக்ரிட் தவறாமல் போட்டாள். ஐந்தாவது கட்டையில் குன்வோரின் புருவம் சுருங்கியது. குழந்தையின் கண்கள் ஒலிக்கருவியின் பொத்தானை அழுத்தும் அவள் விரலிலேயே பதிந்திருந்தன. குன்வோர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். அதன்பின் விரல் பலமுறை அழுந்தியும், சிக்ரிட்டின் கை கட்டையைப் பிடித்தபடி அந்தரத்திலேயே காத்திருந்தது.



அடுத்த அறையிலிருந்த மருத்துவர் காதுக்குள் பார்த்தார். இரண்டு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் நீர் கட்டியிருக்கிறது, தானாக வடியலாம், மூன்று மாதத்தில் வடியாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் வைத்துவிடலாம் என்றார்.

"வீட்டுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று குன்வோர் கணினியைத் திறந்தாள்.

"கொஞ்சம் பிடிவாதம். அவ அப்பா மாதிரி."

"பிடிவாதக்காரின்னு பேரு வாங்கின பாதிப் பேரு இந்த நாற்காலிக்குத்தான் வந்து சேர்றாங்க. எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்," என்றாள் ஈல்வா.

ஐந்து மாதம். அவளுக்கு அது துல்லியமாகத் தெரியும். அதற்குக் காரணம் மிட்டாய். அந்தத் தெருவின் எல்லா வீடுகளையும் போலவே அவர்கள் வீட்டிலும் இனிப்பு சனிக்கிழமைக்கு மட்டுமே உரியது. அந்த வழக்கத்தோடு ஈல்வா, அக்டோபரில், தன் பங்காக ஒரு விதியைச் சேர்த்தாள்: முதல் தடவை கூப்பிட்டதும் வராவிட்டால், கிண்ணத்திலிருந்து ஒரு மிட்டாய் போய்விடும். சில சனிக்கிழமைகளில் பத்தில் இரண்டுதான் மிஞ்சியது. இந்தக் கண்டிப்பைப் பற்றி அலுவலகத்தில் பெருமையாகப் பேசியிருக்கிறாள். நவம்பரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சிக்ரிட், "அம்மா, என் காதுக்குள்ள பனி கொட்டுது," என்றபோது, ஈல்வாவும் கணவன் ஹென்னிங்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நல்ல சாக்குடி," என்று அன்றைக்கும் ஒன்றைக் கழித்தாள்.

அந்தச் சனிக்கிழமை தன் கிண்ணத்திலும் மகளின் கிண்ணத்திலும் பத்துப் பத்து வைத்தாள். சிக்ரிட் தன்னுடையதிலிருந்து மூன்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள்.

"பூட்ஸ் போடக் கூப்பிட்டப்ப வரல. பல் தேய்க்க வரல. இன்னொண்ணு மறந்துபோச்சு."

ஈல்வா தரையில் மண்டியிட்டு, தன் முகத்தை மகளின் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். "உன் மேல தப்பே இல்ல, செல்லம். காதுல தண்ணி அடைச்சிருக்கு. பனின்னு நீ அன்னைக்கே சொன்ன. நான் சிரிச்சேன்."

சிக்ரிட் அவள் உதடுகளைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு தாயின் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். "சிரிச்சதுக்கு."

ஈல்வா கிண்ணம் முழுவதையும் அவள் பக்கம் தள்ளினாள். சிக்ரிட் அதைத் திருப்பித் தள்ளினாள்.

"ஒரு தப்புக்கு ஒண்ணுதாம்மா."

விதி ஈல்வாவுடையதுதான். "அப்ப இன்னொண்ணும் எடுத்துக்கோ," என்று மேசையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். "குன்வோர்கிட்ட ஒரு மாசம்னு பொய் சொல்லிட்டேன். திங்கக்கிழமை போன் பண்ணி மாத்திச் சொல்லணும்."

சின்ன விரல்கள் அவள் மோவாயைப் பிடித்து மெல்லத் திருப்பின.

"என்னப் பாத்துச் சொல்லு," என்றாள் சிக்ரிட்.