இருந்ததுமில்லை

நூற்றுப் பதினெட்டாவது வரிக்கு வந்தபோது கவியாவின் விரல் நின்றது. பெஞ்சமின். வயது முப்பத்து நான்கு. மாதா கோயில் தெரு, கோவளம். அடுத்த கட்டத்தில் இருந்த செல்போன் எண்ணை அவள் படிக்கவே வேண்டியதில்லை. வேன் தாமதமாகும் காலைகளில் இரண்டு வருடமாக அவள் அழுத்திய எண். வரியின் கடைசியில் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது.

அது இரண்டாயிரத்தேழு. நாவலூரில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில் அவள் சோதனைப் பிரிவில் இருந்தாள். அந்த மென்பொருளுக்குத் தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். மறுநாள் தணிக்கைக் குழு வருகிறது. சோதனைக் கணினியில் இருப்பவை எல்லாம் கற்பனைப் பெயர்கள்தான் என்று பார்த்து அவள் கையெழுத்திட வேண்டும். கற்பனை செய்ய யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. ஒரு மருத்துவமனை தன் பதிவேட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுத்திருந்தது. ஆறு மாதமாக அது இருபது பேர் கண்முன் திறந்து கிடந்தது.

ஆபீஸ் வேன் ஓட்டிக்கொண்டிருந்த பெஞ்சமினை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் அவர் பக்கத்து சீட் காலியாகக் கிடந்தது. பிறகு யாரோ டிராவல்ஸுக்குப் பேச, வேறு டிரைவர் வந்தார். அவருக்கு அந்த நோயாம் என்று சொன்னார்களே தவிர, எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கவியாவும் கேட்கவில்லை. முன்சீட் அவளுடையது, கோவளத்தில் முதலில் ஏறுகிறவள். ஒரு திங்கட்கிழமை, வெயில் அடிக்கிறது என்று சொல்லி அவளும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

மேலாளர் சதாசிவத்திடம் போய்ச் சொன்னாள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அந்த வரியைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மொத்தத்தையும் அழிச்சிடும்மா. அப்புறம் நீ போடுற கையெழுத்து பொய் ஆகாது."

தாளில், உண்மையான நோயாளிகளின் தகவல் இக்கணினியில் இல்லை, இருந்ததுமில்லை என்று இருந்தது. கடைசிச் சொல்லை அடித்துவிடலாமா என்று கேட்டாள். அடித்தால் ஏன் என்று கேட்பார்கள் என்றார். கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் முதன்முதலாக ஆபீஸுக்குப் போனவள் அவள். அழித்தாள். யார் யார் அந்தப் பதிவைத் திறந்தார்கள் என்ற விவரமும் அதோடு போயிற்று. கையெழுத்திட்டாள்.

சான்றிதழ் கிடைத்த வாரம், ஞாயிறன்று, கோவளம் கடற்கரையில் பெஞ்சமினைக் கண்டாள். மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடும் வேலையில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"யாரு பாத்தாங்கன்னு காட்ட முடியுமா?"

"முடியாதுண்ணா. நாந்தான் அழிச்சிட்டேன்."

அவர் கடலைப் பார்த்தார். "மாத்திர குடுக்குற சகுந்தலா சிஸ்டர்தான் வெளிய சொல்ட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். ஆஸ்பத்திரில எல்லார் முன்னாடியும் அந்தம்மாவ அசிங்கமா பேசிட்டு வந்தேன். அதுலர்ந்து மாத்திர வாங்கவே போவல."

நாளைக்கே போகலாம், நானும் வருகிறேன் என்றாள்.

"செல்லம்மாவுக்கு இன்னும் தெரியாது," என்றார். "நீ வூட்டாண்ட வந்துடாத."

செல்லம்மா அவர் மனைவி. அவர் குனிந்து மண்வெட்டியை எடுத்தார். ஐஸ் விழ விழ, பெட்டியில் மீன்களின் கண்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.