வரிசையில் ஒரு தாடி

சலூன்காரன் தாடியோடு வரிசையில் நின்றான். பக்கத்தில் தங்கச்சி புருஷன். அவனைத் தாண்டி இன்னும் சில தாடிக்காரர்கள்.

"மச்சான், பயமா இருக்கு," என்றான் தங்கச்சி புருஷன், உதடு அசையாமல்.

"சும்மா இரு மாப்ளே. எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு?"

விஷயம் இதுதான். துணிக்கடையில் எவனோ கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்தான். தாடி வைத்தவன் என்றார் முதலாளி. இந்த ஊரில் தாடி வைப்பது ஒரே ஒரு கூட்டம். போலீஸ் அவர்கள் தெருவுக்குள் புகுந்து, கண்ணில் பட்ட முதல் தாடியான தங்கச்சி புருஷனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடையாளம் காட்ட நிறுத்தியபோது அவனைத் தவிர அத்தனை பேரும் மழுமழு. அப்படி நிறுத்தினால் கைக்குழந்தைகூடக் கை நீட்டும்! அவனுக்காக வாதாட வந்த வக்கீலம்மா சண்டை போட்டு அதைத் தடுத்தார். எல்லாரும் தாடியோடு நிற்கவேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார்.

உத்தரவு சரி, நிற்க ஆள்? போலீஸ் வாசலுக்குத் தானாக நடந்துபோக அந்தத் தெருவில் யாருக்குத் துணிச்சல்? வக்கீலம்மா கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தும் ஓர் ஆள் குறைந்தது. தங்கச்சி அண்ணனிடம் வந்து அழுதாள்.

அண்ணனோ, இன்ன கூட்டத்து ஆள் என்று தெரிந்தால் வாடிக்கை போய்விடும் என்று பயந்து, தினமும் தன் முகத்தை வழித்தே காலம் தள்ளியவன். தங்கச்சியின் கண்ணீருக்காகக் கடையைப் பூட்டினான். உடம்பு சரியில்லை என்று அட்டை மாட்டிவிட்டுத் தாடி வளர்த்தான். துணிக்கடை முதலாளி தன் வாடிக்கையாளர் என்பதை மட்டும் வக்கீலம்மாவிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால், தெரிந்த முகம் ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள்; மறுபடி ஆள் குறையுமே.

கதவு திறந்தது. முதலாளி வந்தார். வாராவாரம் இவன் கையில் தாடையைக் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுகிற மனிதர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தங்கச்சி புருஷனைத் தாண்டினார். சலூன்காரன் முன்னால் நின்றுவிட்டார்.

போச்சு, சிரிக்கப் போகிறார், குட்டு உடையப் போகிறது என்று இவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

முதலாளியின் விரல் நீண்டது.

"இவன்தான்! சாகிற வரைக்கும் இந்த மூஞ்சிய மறக்கமாட்டேன்."

போலீஸ்காரர் பாய்ந்து இவன் தோளைப் பிடித்தார்.

"விடுங்க அவரை," என்றார் மாஜிஸ்திரேட். "அவர் நாங்க கொண்டுவந்து நிறுத்தின ஆளு."

பிடி மெல்லத்தான் தளர்ந்தது. தங்கச்சி புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்து இவனைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன தொழில்?"

சொன்னால் கடை அவ்வளவுதான். சொல்லாமலும் இருக்க முடியாது.

"கடைவீதியில சலூன் வச்சிருக்கேங்க."

பழகிய அந்தக் குரலைக் கேட்டதும், முதலாளியின் கை தானாகத் தன் தாடைக்குப் போனது.