நகராத புள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மொட்டை மாடிக்குத் தொலைநோக்கியைத் தூக்கினால் போதும், தம்பி ஆரம்பித்துவிடுவான். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. நீ நமஸ்காரம் பண்ணியே கண்ணைக் கெடுத்துக்கப் போறே." பஸ் ஓட்டுகிறவன். வாரம் முழுக்கப் பயணிகளிடம் அடக்கி வைத்த வாய், வீட்டில் அவிழ்த்து விட்டால் நிற்காது.

அக்கா ஐம்பது வயது தாண்டியவள், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். அவளுக்கா தெரியாது? குழாயின் வாயை மூடும் வெள்ளி நிறத் தாள்தான் சூரிய ஃபில்டர். ஒவ்வொரு முறையும் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஊசிமுனை வெளிச்சமாவது கசிகிறதா என்று பார்ப்பாள். காற்றில் கழன்றுவிடாதபடி டேப் ஒட்டுவாள். குறி பார்க்கும் குட்டிக் குழாய்க்கு ஃபில்டர் கிடையாது. யாராவது தெரியாமல் கண்ணை வைத்தால் தொலைந்தது என்று அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். இவ்வளவும் செய்துவிட்டு முதலில் பார்ப்பதும் அவள்தான். தப்பிருந்தால் தன் கண்ணோடு போகட்டுமாம்.

அன்று ஃபில்டரை அவனிடம் நீட்டினாள். "விளக்குல பிடிச்சுப் பாரு. ஓட்டை ஏதாவது தெரியுதா?"

தொட்டாலே கையைத் தட்டிவிடுகிறவள்! அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொட்டு வெளிச்சம் இல்லை. மாடியில் அதை மாட்டி முடித்ததும், "நீ முதல்ல பாரு" என்றாள்.

"ஐயோ சாமி, நாளைக்கு நான் பஸ் ஓட்டணும்."

"பாருடா."

அந்தக் குரலில் அவன் வாய் அடங்கியது. குனிந்தான். வெளுத்த வட்டம் ஒன்று தெரிந்தது. அதன் ஓரத்தில் மிளகுபோல இரண்டு புள்ளி.

"ரெண்டு புள்ளி. ஓரத்துல."

"நடுவுல?"

"ஒண்ணுமில்லை."

"நல்லா பாரு. நடுவுல, பெருசா."

"சுத்தமா இருக்குக்கா. ஏன்?"

அவள் தண்ணீர்த் தொட்டித் திட்டில் மெல்ல உட்கார்ந்தாள்.

"சூரியன் சுத்துதில்ல, புள்ளிங்களும் கூடவே நகரும். போன ஞாயிறு பார்த்த இடத்துல இந்த ஞாயிறு இருக்காது. ஒண்ணு மட்டும் ஒரு மாசமா நகரவே இல்லை. ஃபில்டர்ல அழுக்குன்னு நினைச்சேன். இப்ப கடையிலயும் தெரியுது. வலது கண்ணுல மட்டும்."

"ஒரு மாசமாவா? ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்பே?"

என்ன சொல்லியிருப்பான் என்று இருவருக்குமே தெரியும். அவனுக்குத் தன்னை நினைத்தாலே வெட்கமாக இருந்தது.

கண் மருத்துவர் ஃபில்டரைப் பற்றியும் விசாரித்தார். வெயில் பட்ட காயம் இப்படி இருக்காது என்றார். விழித்திரையில் கசிவு, வயதானால் சிலருக்கு வருகிற நோய். ஊசி போட்டுப் பரவாமல் தடுக்கலாம், இடது கண் நன்றாக இருக்கிறது, போன பார்வை திரும்புமா என்பதுதான் சந்தேகம். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தம்பி அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

ஊசி போட்டுக் கட்டிய கண்ணோடு திரும்பியபோது கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் மறித்தாள். "அப்பவே நினைச்சேன். சூரியனையே பார்த்துட்டிருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

அவன் அக்காவிடம் ஆயிரம் முறை சொன்ன அதே பேச்சு.

"வெயில் ஒண்ணும் பண்ணலைங்க" என்றான். "அக்கா ஒழுங்காத்தான் பார்த்தா. என் வாய்க்குப் பயந்துதான் ஒரு மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டா."

அக்கா காலால் முதல் படியைத் துழாவினாள். ஒற்றைக் கண்ணில் உயரம் பிடிபடவில்லை. அவன் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"சும்மா நிக்காதே. படி வர்றப்போ வாயைத் திறந்து சொல்லு. இப்பவாவது அது எனக்கு உதவட்டும்."

"படி, அக்கா" என்றான். அடுத்ததற்கும் சொன்னான். மேல்மாடி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே ஏறினான்.