தட்டில் வைத்த கண்கள்

சென்ற தவக்காலத்தில், ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்குவில் வெரோனிக்காவாக வந்த லூசியா, இயேசுவின் முகத்தைத் துடைப்பதற்குப் பதிலாக, அவருக்குச் சிலுவை சுமக்க உதவிய சீமோனின் முகத்தைத் துடைத்துவிட்டாள். யூதேயாவில் மூக்குக்கண்ணாடி இருந்ததில்லை என்று சொல்லி, பாஸ்குவைப் பழக்கும் அண்ணாவியார் அமிர்தநாயகம் அவளுடைய கண்ணாடியை மேடையேறுமுன் வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்திருந்தார். அது இல்லாமல் அவளுக்கு இரண்டு தாடிகளும் ஒரே தாடிதான். சீமோன் கண்ணியமானவர், அசையாமல் முகத்தைக் கொடுத்தார். சிலுவையின் கீழிருந்து, இயேசுவாக நடித்த டினேஷ், "இஞ்சால, இஞ்சால" என்று தன் பக்கம் கூப்பிட்டது ஒலிவாங்கியில் கேட்டது. தாழ்வுபாடு ஊர் முழுவதும் சிரித்தது.

லூசியா அழவில்லை. அவித்த நண்டின் ஆவியில் நாள் முழுவதும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வேலை செய்த தொழிற்சாலையில் விடுப்பு எடுத்து, கொழும்புக்குப் போய், கண்களுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு வந்தாள். அவள் திரும்புவதற்குள் ஊர் ஒரு மருத்துவ நூலையே இயற்றி முடித்திருந்தது. கதிர் நரம்பைச் சுட்டுவிடும். பிள்ளைப்பேற்றில் முக்கினால் பார்வை போய்விடும். கடற்காற்றுப் பட்டால் கண்ணுக்குள் உப்புப் படியும். நூலின் மிக நீண்ட அதிகாரம் அவளுடைய தாய் அந்தோனியம்மாவுடையது. கோயிலில் புனித லூசியாவின் சொரூபம் ஒரு தட்டை ஏந்தி நிற்கிறது. தட்டில், விசுவாசத்துக்காகப் பிடுங்கப்பட்ட அவருடைய இரண்டு கண்கள். அந்தோனியம்மா அறிந்த கண் மருத்துவம் அவ்வளவுதான்.

"கழட்டிக் கழுவேக்க மாறிக்கீறி வைச்சிட்டாங்களோ பிள்ளை? வலத்தை இடத்தில?"

"ஒருத்தரும் கழட்டேல்லை அம்மா. கண் இருந்த இடத்திலதான் இருந்தது. மேல இருக்கிற மெல்லிய படலத்தைத் திறந்து, கதிர் விட்டு, திருப்பி மூடினவை. ஒரு பாட்டுக் கேக்கிற நேரம்."

"அப்ப புனிதையின்ர தட்டு?"

"அது வேதசாட்சியம். இது சிகிச்சை."

அந்தோனியம்மா இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை.

இனி எல்லாம் பளிங்குபோலத் தெரியும் என்று லூசியாவும் நம்பித்தான் போனாள். அந்த நம்பிக்கையை மருத்துவரே திருத்தினார். நாற்பதைத் தாண்டினால் வாசிக்கக் கண்ணாடி வேண்டிவரும். சில மாதங்கள் கண் உலரும். இருட்டில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், போகப்போகக் குறையும். அவள் சம்மதித்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அதே ஊர் பார்த்திருக்க, சரியான முகத்தைத் துடைக்க வேண்டும்.

ஊர் கூடிப் பார்த்த இந்த ஆண்டின் முதல் ஒத்திகையில், இரவு கோயில் முற்றத்தில், அமிர்தநாயகம் இயேசுவின் முகம் பதியும் வெரோனிக்காவின் துணியைக் கிருஷிகா என்ற இளம்பெண்ணிடம் கொடுத்தார்.

"லூசியா, நீ இந்தமுறை எருசலேம் பெண்களோட நில்."

"ஏன் அண்ணாவியார்?"

"வெரோனிக்கா அழவேணும். நீ அழுதா அந்தப் படலம் கழண்டிடும். பழி என்ர தலையிலதான் விழும்."

"எருசலேம் பெண்களும் அழத்தானே வேணும்?"

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார். அமிர்தநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. "கூட்டத்தில அழாட்டித் தெரியாது."

"சிகிச்சை செய்து ஒரு மழைக்காலமும் போயிட்டுது. கண்ணைக் கசக்க வேண்டாமெண்டு தொடக்கத்தில சொன்னவை. அழ வேண்டாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"பெரியவர் சொன்னாக் கேள் பிள்ளை" என்றாள், ஒத்திகை பார்க்க வந்திருந்த அந்தோனியம்மா.

"போனமுறை கண்ணாடியைக் கழட்டச் சொன்னதும் பெரியவர்தான் அம்மா. கேட்டனான்."

கிருஷிகா துணியை நீட்டினாள். லூசியா அதை வாங்கவில்லை. பறித்ததாகச் சொல்ல எவருக்கும் இடமிருக்கக் கூடாது. தன் தலையில் கிடந்த வெள்ளை முக்காட்டை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினாள்.

"இறங்கு. நான் கை காட்டாமல் ஆர்மோனியம் தொடங்காது."

அவள் ஆர்மோனியம் இல்லாமலே வெரோனிக்காவின் பாட்டை எடுத்தாள். இரண்டாம் அடியிலேயே கண்ணீர் வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். சிலுவையோடு டினேஷ் வந்தான், பக்கத்தில் சீமோன். இரண்டு தாடிகள். ஒன்றில் நரை, மற்றதில், காலையில் கடலிலிருந்து கரையேறியபோது ஒட்டிய ஒரு மீன்செதில்.

"இஞ்சால" என்றான் டினேஷ், பழக்கத்தில்.

"தெரியுது. வாயை மூடு."

செதிலோடு சேர்த்து டினேஷின் முகத்தைத் துடைத்துவிட்டு, முக்காட்டை இரு கைகளாலும் விரித்து ஊரை நோக்கிப் பிடித்தாள். நனைந்த கண்களில் விளக்குகளின் வளையங்கள் பெருத்திருந்தன. டினேஷின் தலைக்குப் பின்னால், புனிதர் படத்தில்போல, ஒன்று. சவுக்குப் பிடித்த சேவகனுக்கும் ஒன்று. முற்றத்தில், ஆர்மோனியக்காரரின் விரல்கள் கட்டைகளின் மேல் காத்திருக்க, இன்னும் கை காட்டாமல் நின்ற அமிர்தநாயகத்தின் தலைக்குப் பின்னாலும், கோயில் விளக்கில், ஒன்று.