ஏழாம் பாத்தி

விதை போட்டு அறுபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று காலை எட்டு மணிக்கு, ஏழாம் பாத்தியிலிருந்து பன்னிரண்டாம் பாத்தி வரை எல்லாவற்றையும் மண்வெட்டியால் செதுக்கி எடுத்துவிடும்படி சத்தியசீலன் என் அம்மாவிடம் சொன்னார்.

சத்தியசீலன் குத்தகைக்காரர். காட்டிலாகாவிடமிருந்து இந்த வேலையை எடுத்தவர். அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் அவரிடம் நாள்கூலிக்குக் களை எடுக்கிறார்கள். நான் செடிகளை அளந்து எழுதி வைக்கிறவள். மண்ணியலில் பட்டம் வாங்கி எட்டு மாதம் அலைந்தபின் கிடைத்த வேலை.

இடம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் கடைசி நிரைக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு காடு. மரங்களை வெட்டி லோரிகளில் ஏற்றிய களம் அது. இருபது வருடம் கழிந்தும் லாலாங் புல்கூட அங்கே ஒழுங்காக வரவில்லை. மேல்மண் மழையோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது சிவப்பு மண், காய்ந்தால் சிமெண்டு.

அதில் பன்னிரண்டு பாத்தி கொத்திப் பயற்றுக்கொடி விதைத்தோம். மறுநடவுக்குப் பின் செம்பனைக் கன்றுகளுக்கு இடையில் நிலத்தை மூடப் போடுகிற அதே கொடி. அதன் வேரில் சிறு முடிச்சுகள் கட்டும். முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். கொடி உதிர்ந்து மக்க மக்க மண் திரும்பும். அதற்கப்புறம்தான் மரக்கன்று. பாத்திகள் பிடித்தால் சுற்றியுள்ள முப்பது ஏக்கரும் மறுபடியும் காடாகும். பிடிக்காவிட்டால் தோட்டத்துக்குப் போகும், செம்பனை வரும். பார்த்து முடிவு எழுத, காட்டிலாகாவிலிருந்து மூன்று பேர் அன்று பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது.

முதல் ஆறு பாத்திகள் கரும்பச்சை. முழங்கால் உயரத்துக்கு மெத்தை போட்டதுபோல் இருந்தன. அடுத்த ஆறும் தாழ்வாக, வெளிறிய பச்சையில், நடுநடுவே மண் தெரியக் கிடந்தன. பார்க்க அசிங்கம் என்றார் சத்தியசீலன். செதுக்கிவிட்டால், அடுத்த கட்டத்துக்குத் தயார் செய்த நிலம் என்று சொல்லிவிடலாமாம்.

நான் வேண்டாம் என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னேன்.

காரணம் கேட்டார். ஏழாம் பாத்தியில் ஒரு செடியின் வேரைப் பாருங்கள் என்றேன். வேர் முழுக்க முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பு. சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், இலையில் தெரியக் கொஞ்சம் நாளாகும். இந்தக் களத்தில் உண்மையில் பிடித்திருப்பது இந்த ஆறு பாத்திதான் என்று விளக்கினேன்.

“வேரு மண்ணுக்குள்ள இருக்கு தனுஜா. வர்றவங்க காருல வர்றாங்க, மண்புழு மாதிரி கீழயிருந்து வரல,” என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பிறகு அவர் சரியான கேள்வியைக் கேட்டார். ஒரே விதை, ஒரே மண், ஒரே மழை. முதல் ஆறு மட்டும் ஏன் இப்படி?

நான் குனிந்து நோட்டைப் புரட்டினேன். பதில் எனக்குத் தெரியும்.

விதைத்து இருபது நாள் வாக்கில் பன்னிரண்டு பாத்தியும் மஞ்சளாயின. எதிர்பார்த்ததுதான். விதையோடு வந்த சத்து தீர்ந்திருக்கும், முடிச்சு இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. செடி பசியில் நிற்கும். அந்தப் பசியில்தான் வேர் முடிச்சு கட்டும். இரண்டு வாரம் தொடாமல் விடவேண்டும். இதை நான் அறிக்கையில் எழுதினேன். களை எடுக்கும் பெண்களிடம் சொல்லவில்லை.

அம்மா இருபத்தாறு வருடம் தோட்டத்தில் உரம் போட்டவர். தோளில் வாளி, கையில் மங்குக் கிண்ணம், மரத்துக்கு இத்தனை மங்கு என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லும் அளவு. இலை மஞ்சளானால் யூரியா. அதில் அவர் யோசிக்க ஒன்றுமில்லை.

இருபத்தெட்டாம் நாள் முதல் ஆறு பாத்தி மட்டும் பச்சையாகத் திரும்பியிருந்தன. பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. யூரியா போட்டீங்களா என்று அன்று மாலை வீட்டில் கேட்டேன். அம்மா ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தார்.

“ஆமா, நான்தான். உங்கப்பா வாழைக்கு வாங்குனது அரை மூட்ட சும்மாதானே கெடந்துச்சு. ஆறு பாத்திக்குத்தான் வந்துச்சு,” என்றார். “பட்டினி கெடந்த புள்ள மாதிரி நிக்குதுங்க. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா? உனக்கு இது மொத வேல.”

கையால் சோற்றை ஊட்டிவிட்டால் செடி எதற்கு முடிச்சு கட்டப்போகிறது? மண்ணுக்குப் போகவேண்டியது ஒன்றும் போகாது. மழையில் யூரியா கரைந்து தீர்ந்ததும் அந்தப் பச்சையும் போகும். இதையெல்லாம் நான் சொல்லியிருக்கவேண்டும். “ம்” என்று மட்டும் சொன்னேன்.

அதன்பின் வாராவாரம் செடியின் உயரத்தை எழுதினேன். யூரியாவை எழுதவில்லை. காலையில் அந்த ஆறு பாத்திகளைத் தாண்டும்போது அம்மா கொஞ்சம் மெதுவாக நடப்பார். அதைப் பார்த்துக்கொண்டே நோட்டை விரிப்பேன்.

பட்டம் வாங்கியவளுக்கே காரணம் தெரியவில்லை என்றால் பேச என்ன இருக்கிறது என்றார் சத்தியசீலன். செதுக்குங்கள் அக்கா என்று அம்மாவைப் பார்த்துக் கையசைத்தார். அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏழாம் பாத்திக்கு வந்தார்.

நான் போய்ப் பாத்தியின் நடுவில் உட்கார்ந்தேன்.

“எந்திரி தனு. உடுப்பெல்லாம் மண்ணாவுது. எறும்பு வேற இருக்கு,” என்றார் அம்மா.

“கடிக்கட்டும்.”

“என்ன ஸ்ட்ரைக்கா?” சத்தியசீலன் சிரித்தார். “தோட்டத்துலயே இப்ப யாரும் பண்றதில்ல லா.”

நான் எழவில்லை. அவர் சிரிப்பு நின்றது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். சரி என்றேன். நான் உட்கார்ந்திருப்பது ஒரு பாத்தியில்தான், மீதி ஐந்து இருக்கிறது என்று மற்றப் பெண்களைப் பன்னிரண்டாம் பாத்திக்குப் போகச் சொன்னார். அவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அம்மா மண்வெட்டியைக் கீழே போட்டார்.

“எம் மவ ஒக்காந்திருக்கா. நான் வெட்ட மாட்டேன் பாஸ். வேற ஆளப் பாருங்க.”

மூன்று பெண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். வேறு ஆளைப் பார்க்க நேரமில்லை. சத்தியசீலன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தன் காருக்குப் போனார். அம்மா என்னிடம் காரணம் கேட்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போனார். எறும்பு கடித்ததைவிட அது வலித்தது.

காட்டிலாகா ஆட்கள் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். தலைமை அதிகாரியின் பெயர் திலகா. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். நேராக முதல் பாத்திக்குப் போய்க் கொடியைத் தூக்கிப் பார்த்தார், அழகாக வந்திருக்கிறது என்றார். முப்பது ஏக்கருக்கும் இதே முறைதான் என்று சத்தியசீலன் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் காட்டியது முறையே இல்லை. அடுத்த வருடம் எல்லாம் காய்ந்து கிடக்கும். இங்கே காடு வராது என்று அப்போது எழுதுவார்கள். செம்பனைக்குக் குழி வெட்டுவார்கள்.

நான் எழுந்தேன். ஆறாம் பாத்தியில் ஒரு செடி, ஏழாம் பாத்தியில் ஒரு செடி, இரண்டையும் வேரோடு தோண்டி எடுத்துத் திலகாவின் முன்னால் நீட்டினேன். வேரிலிருந்து மண் உதிர்ந்தது. ஆறாம் பாத்திச் செடியின் வேர் நீளமாக, மொட்டையாக இருந்தது. இருந்த இரண்டு மூன்று முடிச்சும் உள்ளே வெள்ளை. ஏழாம் பாத்தி வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு. ஒன்றைக் கிள்ளிக் காட்டினேன். திலகா தானே இன்னொன்றைக் கிள்ளினார். நகத்தில் சிவப்பு ஒட்டியது.

இரண்டு வேரையும் மாறி மாறிப் பார்த்தார். விதை ஒன்றுதானா என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன்.

“அப்ப முடிச்சே இல்லாத இது எப்படி இவ்வளவு பச்சையா இருக்கு?”

இடத்துக்கு இடம் மண் மாறும் என்றார் சத்தியசீலன். நல்ல பதில். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திலகா தலையை ஆட்டினார். பேனாவை எடுத்தார். பெண்கள் நிழலிலிருந்து கிட்டே வந்திருந்தார்கள். அம்மா முன்னால் நின்றார். அவர் பார்வை என் கையிலிருந்த மொட்டை வேரின் மேல் இருந்தது. அவருக்கு இன்னும் புரியவில்லை.

யாரோ வெளியாள் வந்து யூரியா போட்டிருக்கலாம் என்று சொல்லிவிடலாம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் யாரோ போட்டதை நான் எப்போது கண்டேன், ஏன் எழுதவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஒரு பொய் வேண்டும். அப்புறம் ஏழாம் பாத்தியின் சிவப்பை யார் நம்புவார்கள்?

“மண்ணு இல்ல மேடம்,” என்றேன். “அந்த ஆறு பாத்திக்கும் எங்கம்மா யூரியா போட்டாங்க. அதனாலதான் அதுல முடிச்சு கட்டல. முப்பத்தஞ்சு நாளா எனக்குத் தெரியும். நான்தான் யாருகிட்டயும் சொல்லல. அது கெடுத்துருச்சுன்னு எங்கம்மாகிட்டகூடச் சொல்லல.”